கேள்வி மேடை: ஜப்பானில் ஜப்பானியர் மட்டும்தானா?

ஜூன் பள்ளி விடுமுறையில் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்குச் சென்று வந்த வாசகர்கள் சிலரும், அவர்கள் சொல்லக் கேட்ட வேறு சிலரும் ஜப்பானின் சிறுபான்மை இனங்களைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாக் கடிதங்களும் ஒரே பொருளைத் தொடுவதால் இம்முறை அவற்றுக்கு மட்டும் விடை தருகிறோம்.

கேள்வி: ஜப்பானியர் அனைவரும் ஒரே இனத்தவர், அதனால்தான் அந்த நாடு அவ்வளவு கட்டுக்கோப்பாக இருக்கிறது என்று என் தந்தையார் அடிக்கடி சொல்வார். நியூ சித்தோசே விமான நிலையத்தில் "இராங்கராப்தே" என்று எழுதிய வரவேற்பைக் கண்டேன். அது ஜப்பானிய மொழி அன்று, ஐனு மொழி என்றார் எங்கள் வழிகாட்டி. யார் இந்த ஐனு மக்கள்?
(வாசகர், ஈசூன்)

பதில்: நீங்கள் இறங்கிய தீவே அவர்களுடையதுதான். ஹொக்கைடோ, சக்காலின், கூரில் தீவுகள் ஆகியவற்றில் சால்மன் மீன் பிடித்தும், மான், கரடி வேட்டையாடியும், சிறிதளவு தானியம் பயிரிட்டும், கடல் வாணிகம் செய்தும் வாழ்ந்தவர்கள் ஐனு மக்கள். ஹொக்கைடோவுக்கு 1869-ஆம் ஆண்டு வரை அந்தப் பெயரே கிடையாது. எஸோ என்று ஜப்பானியர் அழைத்த அத்தீவின் தென்முனை மட்டுமே மட்சுமாயே என்னும் சிற்றரசின் கையில் இருந்தது. வாணிகத்தில் அச்சிற்றரசு செய்த அநியாயங்களை எதிர்த்து ஷாகுஷாயின் என்ற ஐனு தலைவர் 1669-இல் போர் தொடுத்தார். சமாதான விருந்துக்கு என்று அழைத்து அவரைக் கொன்றுவிட்டார்கள்.

பேரரசர் மெய்ஜியின் அரசு 1869-இல் தீவுக்குப் புதுப் பெயர் சூட்டி, குடியேற்ற ஆணையம் ஒன்றை நிறுவி, தெற்கிலிருந்து உழவர்களையும் முன்னாள் சாமுராய்களையும் அங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. பெண்கள் உதட்டைச் சுற்றிப் பச்சை குத்திக்கொள்வது 1871-இலும், நஞ்சு தோய்த்த அம்பால் வேட்டையாடுவது 1876-இலும் தடைசெய்யப்பட்டன. ஆறுகளில் சால்மன் பிடிப்பதும் படிப்படியாகக் குற்றமாயிற்று. பரம்பரை பரம்பரையாக வாழ்ந்துவந்த நிலம் அரசுடைமை ஆனது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, 1899-இல், "பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம்" என்ற ஒன்றை இயற்றினார்கள். குடும்பத்துக்கு 5 ஹெக்டேர் வரை நிலம் தரப்படும், ஆனால் 15 ஆண்டுகளுக்குள் அதை உழுது பண்படுத்தாவிட்டால் திரும்பப் பறிக்கப்படும் என்பது அதன் விதி. வேட்டையும் மீன்பிடியும் அறிந்தவர்களுக்கு, பெரும்பாலும் சதுப்பும் சரிவுமாக இருந்த நிலத்தைக் கொடுத்துவிட்டு உழவு செய் என்பதைப் பாதுகாப்பு என்று அழைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தச் சட்டம் 1997 வரை நடைமுறையில் இருந்தது.

உங்கள் தந்தையார் சொல்வது அவருடைய சொந்தக் கருத்து மட்டுமன்று. ஜப்பானியத் தலைவர்களே நெடுங்காலம் அப்படித்தான் பேசிவந்தார்கள். 1986-இல் பிரதமர் நக்கசோனே ஜப்பானை ஓரின நாடு என்று வருணித்தபோது ஐனு அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2008 ஜூன் மாதத்தில்தான் நாடாளுமன்றம் ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2019-இல் அது சட்டத்திலும் ஏறியது. அச்சட்டம் வந்து ஓராண்டு நிறைவதற்குள், துணைப் பிரதமர் அசோ, ஒரே மொழியும் ஒரே இனமும் ஈராயிரம் ஆண்டு நீடித்த நாடு ஜப்பானைத் தவிர வேறில்லை என்று பேசிவிட்டு, பின்னர் வருத்தம் தெரிவித்தார். கட்டுக்கோப்புக்கு ஓரினமாக இருப்பது அவசியமா என்ற கேள்விக்கு, நான்கு அதிகாரத்துவ மொழிகளோடு வாழும் நம் சிங்கப்பூரில் இருந்துகொண்டு நாம் ஜப்பானைப் பார்த்து விடை தேட வேண்டியதில்லை.

கேள்வி: ஐனு மக்கள் மொத்தம் எத்தனை பேர்? இணையத்தில் ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்களே?
(வாசகி, தெம்பனிஸ்)

பதில்: ஜப்பானின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடியுரிமையைக் கேட்கும், இனத்தைக் கேட்காது. அடையாள அட்டையிலேயே இனத்தைப் பதிந்து, 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளிலும் அக்கம்பக்கத்திலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கும் சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றும். ஹொக்கைடோ மாநில அரசு தனியாக நடத்திய ஆய்வுகளில் 2006-இல் 23,782 பேரும், 2013-இல் 16,786 பேரும், 2017-இல் 13,118 பேரும் பதிவானார்கள். பதினோரு ஆண்டுகளில் ஓர் இனம் ஏறக்குறையப் பாதியாகக் கரைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தம்மை ஐனு என்று சொல்லிக்கொள்ள முன்வந்தவர்களின் கணக்கு இது. பள்ளியிலும் திருமணத்திலும் வேலையிலும் இழிவு நேரும் என்று அஞ்சிப் பிள்ளைகளிடம்கூடப் பிறப்பை மறைத்த குடும்பங்கள் உண்டு. வளர்ந்த பிறகே தாம் ஐனு என்று அறிந்தவர்களும் உண்டு. ஹொக்கைடோவை விட்டு டோக்கியோவுக்கும் பிற நகரங்களுக்கும் பிழைக்கப் போனவர்கள் இந்த ஆய்வுகளுக்குள் வருவதே இல்லை.

நம் அட்டையில் இனத்தை அச்சிடுவதைக் குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள். கலப்பு மணத்தில் பிறந்தவர்களுக்கு அது தரும் சங்கடத்தை அறிந்துதான் 2011 முதல் இரட்டை இனப் பதிவுக்கு இடமளிக்கப்பட்டது. ஆயினும் எண்ணப்படாத மக்களுக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை பாடநூல், எவ்வளவு நிதி வேண்டும் என்று எந்த அமைச்சிடமும் வாதாட முடியாது. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் எண்ணப்படுவதையே நாம் தெரிவுசெய்வோம்.

கேள்வி: கரடிக் குட்டியைப் பிள்ளைபோல் வளர்த்து, பிறகு பலியிடுவார்களாமே? என் மகன் பாடத்துக்காகப் படித்துவிட்டு மனம் வருந்திக் கேட்டான்.
(வாசகி, பிடோக்)

பதில்: இயோமாந்தே என்ற அந்தச் சடங்கை அவர்களுடைய கண்ணோட்டத்தில் பார்த்தால்தான் அது விளங்கும். மலை, நெருப்பு, ஆந்தை, சால்மன், படகு என மனிதர் வாழ்வைத் தாங்கும் எல்லாவற்றிலும் கமுய் என்னும் தெய்வ ஆற்றல் உறைகிறது என்பது ஐனு நம்பிக்கை. தெய்வங்கள் தம் உலகில் மனித உருவில் வாழ்கின்றன. மனிதர்களைக் காண வரும்போது மட்டும் வேடம் பூணுகின்றன. கரடித் தெய்வத்தின் வேடம் அதன் தோலும் இறைச்சியும். அவை விருந்தாளி கொண்டுவரும் பரிசு. பரிசைப் பெற்றுக்கொண்டு, உரிய மரியாதையோடு விருந்தாளியை அதன் உலகுக்கு வழியனுப்பி வைப்பதே சடங்கின் நோக்கம்.

குளிர்கால இறுதியில் குகையில் கிடைத்த குட்டியை ஊருக்குக் கொண்டுவந்து ஓரிரு ஆண்டுகள் நல்ல உணவு கொடுத்து வளர்ப்பார்கள். மிக இளங்குட்டியாக இருந்தால் பெண்கள் தாய்ப்பால் ஊட்டியதும் உண்டு. அனுப்பும் நாளில் இனாவ் என்ற படையல் கோல்களை வரிசையாக நடுவார்கள். வில்லோ மரக் கிளையின் பட்டையை உரித்து, கத்தியைக் கிளையின்மேல் நீளவாக்கில் இழுத்து இழுத்து, சீவல் அறுந்து விழாமல் சுருள் சுருளாகக் கிளையிலேயே தொங்கும்படி செதுக்குவதுதான் இனாவ். கை சற்று அழுத்தினால் சீவல் அறுந்துவிடும். தெய்வம் தன் ஊருக்குத் திரும்பும்போது தானிய மதுவும் உருண்டைப் பலகாரங்களும் இனாவும் சீதனம்போல் உடன் போகும். அங்கே அது மற்றத் தெய்வங்களை அழைத்து விருந்து வைத்து, மனிதர்கள் தன்னை எப்படி உபசரித்தார்கள் என்று கதை சொல்லும். கதை கேட்ட தெய்வங்களும் அந்த ஊருக்கு வர விரும்பும்.

ஹொக்கைடோ அரசு 1955-இல் இதைக் காட்டுமிராண்டிச் செயல் என்று கூறிச் சுற்றறிக்கை விடுத்து நிறுத்தச் சொன்னது. அச்சுற்றறிக்கை 2007-இல் திரும்பப் பெறப்பட்டது. உயிருக்கு வருந்தும் உங்கள் மகனின் மனம் நல்ல மனம். குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்துவிட்டு, பெயர் சொல்லி வளர்த்த ஊர்களிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஐனு மொழியை இன்று யாராவது பேசுகிறார்களா? சிங்கப்பூரில் தமிழுக்கும் அந்நிலை வருமா?
(தொடக்கக்கல்லூரி மாணவர், புக்கிட் பாத்தோக்)

பதில்: வீட்டில் தாயிடமிருந்து இயல்பாகக் கற்றுப் பேசுவோர் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். 2009-இல் யுனெஸ்கோ அதை மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள மொழியாக வகைப்படுத்தியது. அம்மொழிக்கு எழுத்து வழக்கம் கிடையாது. மணிக்கணக்கில், சில வேளை இரவு முழுவதும் பாடப்படும் யுக்கார் என்னும் வீரக் கதைப்பாடல்கள் நினைவிலேயே வாழ்ந்தன. பாடுபவர் அடுப்பங்கரையில் அமர்ந்து, கையிலுள்ள கோலால் அடுப்பின் மரச் சட்டத்தைத் தட்டித் தாளம் போட, கேட்பவர்களும் தட்டுவார்கள்.

சிரி யுகியே என்ற ஐனு இளம்பெண் தம் பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு வளர்ந்த தெய்வப் பாடல்களில் பதின்மூன்றை ரோமன் எழுத்தில் பதிந்து, ஜப்பானியத்தில் பெயர்த்து எழுதினார். கையெழுத்துப் படியைத் திருத்தி முடித்த அன்றே, 1922-இல், இதய நோயால் 19 வயதில் இறந்தார். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. பின்னர் நிபுதானி ஊரைச் சேர்ந்த கயானோ ஷிகேரு முதியவர்களின் குரல்களை நாடாவில் பதிவுசெய்து, பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு தொடங்கி, அகராதியும் தொகுத்தார். 1994-இல் நாடாளுமன்ற மேலவைக்குள் நுழைந்த முதல் ஐனு உறுப்பினரும் அவரே. அங்கே அவர் ஐனு மொழியிலும் பேசினார்.

தமிழோடு ஒப்பிட்டால் வேறுபாடு வெளிப்படை. ஐனு மொழி பள்ளிக்கூடத்தில் தடுக்கப்பட்ட மொழி. தமிழ் இங்கே பள்ளிக்கூடத்தில் தேர்வு எழுதும் மொழி. தமிழகமும் இலங்கையும் மலேசியாவும் நமக்குப் பின்னால் இருக்கின்றன, அவர்களுக்கு அப்படி வேறொரு தாயகம் இல்லை. ஆனாலும் உங்கள் கவலை வீணன்று. 2020 கணக்கெடுப்பின்படி வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர். பத்தாண்டுகளுக்கு முன் அது 3.3 விழுக்காடு. அதிகாரத்துவத் தகுதி ஒரு மொழிக்கு வகுப்பறையைத் தரும். இரவுச் சாப்பாட்டின்போது அதில் பேசுவதற்கு ஆணையிட எந்த அரசாலும் ஆகாது.

கேள்வி: ஒக்கினாவாவினரும் தனி இனமா? ஜப்பானிய அரசு என்ன சொல்கிறது?
(வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: ஜப்பானின் தென்கோடித் தீவுகளான ஒக்கினாவாவில் வாழும் அவர்களை அரசு ஜப்பானியர் என்றே சொல்கிறது. ஐக்கிய நாட்டு மனித உரிமைக் குழு 2008-இல் அவர்களையும் பூர்வகுடிகளாக ஏற்கும்படி பரிந்துரைத்தபோதும் அது நிலைப்பாட்டை மாற்றவில்லை. ஒக்கினாவாவினரிடையே கருத்து ஒன்றாக இல்லை. தம்மை ஜப்பானியராகவும் ஒக்கினாவாவினராகவும் ஒருசேரக் கருதுவோர் பலர்.

வரலாற்றில் ஐயமே இல்லை. ஒக்கினாவாவும் சுற்றுத் தீவுகளும் சேர்ந்த ரியூக்கியு, 1429-இல் ஷோ ஹாஷி என்ற மன்னர் ஒன்றிணைத்த தனி அரசு. அதன் கப்பல்கள் நம் வட்டாரத்துக்கு ஓயாமல் வந்துபோயின. சியாம், பட்டானி, பாலெம்பாங், ஜாவா ஆகியவற்றோடு மலாக்காவுக்கும் அவை பட்டும் பீங்கானும் வாளும் கொண்டுவந்து, மிளகும் சாயமரமும் ஏற்றிச் சென்றன. மலாக்கா சுல்தான்களுக்கும் ரியூக்கியு மன்னர்களுக்கும் இடையிலான கடிதங்கள் ரியூக்கியு அரசின் ஆவணத் தொகுப்பில் இன்றும் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தொமே பிரேஸ், அத்துறைமுகத்தில் ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்ததைக் குறிப்பிடுகிறார். ஒருவர் குஜராத்தியருக்கு. மற்றொருவர் நம்மவரான சோழமண்டலக் கரை வணிகர்களுக்கும் வங்காளம், பெகு, பாசை ஆகிய இடத்தாருக்கும். இன்னொருவர் சீனர், சம்பா நாட்டார், ரியூக்கியு வணிகர் ஆகியோருக்கு. ரியூக்கியு வணிகர்கள் வாய்மை மிக்கவர்கள், மனிதர்களை அடிமைகளாக வாங்கவோ விற்கவோ மாட்டார்கள் என்றும் பிரேஸ் எழுதினார். தமிழ் வணிகரும் ரியூக்கியு வணிகரும் ஒரே துறையில் சரக்கிறக்கியிருக்கிறார்கள் என்பது நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் வராதது ஒரு குறை. ஒக்கினாவாவின் அவாமோரி என்ற மதுவை இன்றளவும் பெரும்பாலும் தாய்லாந்து அரிசியில்தான் காய்ச்சுகிறார்கள்.

1609-இல் தென் ஜப்பானின் சட்சுமா என்னும் சிற்றரசின் படை புகுந்தது. 1879-இல் டோக்கியோ அரசு அந்த அரசையே கலைத்து, கடைசி மன்னர் ஷோ தாயைத் தலைநகருக்குக் கொண்டுபோனது. பெண்கள் கையில் குத்திக்கொண்ட ஹாஜிச்சி என்ற பச்சைக்கு 1899-இல் தடை வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிட்டார்கள். அதைக் கழற்ற வேண்டுமானால் தாய்மொழி பேசும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அவன் கழுத்துக்கு மாற்ற வேண்டும். ஆசிரியர் பிரம்பைத் தொடாமலே பிள்ளைகளைக் கொண்டு பிள்ளைகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு. 1945 போரின்போது ஒக்கினாவா மொழியில் பேசியவர்களை ஒற்றர்களாகக் கருதுமாறு ஜப்பானியப் படை ஆணையிட்டது. அப்போரில் தீவு மக்களில் நான்கில் ஒருவர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். 1972 வரை அமெரிக்க ஆட்சி. இன்று ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே உள்ள அத்தீவுகளில், அந்நாட்டில் அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடங்களின் பரப்பளவில் சுமார் 70 விழுக்காடு இருக்கிறது.

சான்ஷின் என்ற மூன்று நரம்பு இசைக்கருவியும், எய்சா பறையாட்டமும், பிங்காத்தா சாயத் துணியும் நாடெங்கும் விரும்பப்படுகின்றன. மொழிகளின் நிலைதான் கவலைக்குரியது. அமாமி முதல் யொனகுனி வரை ஆறு ரியூக்கியு மொழிகளை யுனெஸ்கோ அழிவு அபாயப் பட்டியலில் சேர்த்துள்ளது.

கேள்வி: ஜப்பானில் பிறந்து வளர்ந்த கொரியர்கள் மூன்றாம் தலைமுறையிலும் வெளிநாட்டவராமே?
(வாசகர், செங்காங்)

பதில்: ஆம். 1910-இல் கொரியாவைக் கைப்பற்றிய ஜப்பான், அம்மக்களைத் தன் பேரரசின் குடிகளாக்கியது. பிழைப்புத் தேடி வந்தவர்களும் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களுமாக 1945-இல் ஏறத்தாழ 20 லட்சம் கொரியர்கள் ஜப்பானில் இருந்தார்கள். ஏறத்தாழ 6 லட்சம் பேர் திரும்பவில்லை. 1952-இல் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடப்புக்கு வந்தபோது, அவர்களைக் கேட்காமலே ஜப்பானியக் குடியுரிமை நீக்கப்பட்டது. பிறந்த மண்ணைக் கொண்டு குடியுரிமை தரும் வழக்கம் அங்கே இல்லாததால் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டவராயினர். 1991-இல் அவர்களுக்குச் சிறப்பு நிரந்தரவாசத் தகுதி வழங்கப்பட்டது, வாக்குரிமை வழங்கப்படவில்லை. குடியுரிமை பெற்றவர்கள் கொரியர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். ஒசாக்காவின் இக்குனோ வட்டாரத்துக்குப் போனால் கிம்ச்சிக் கடைகள் நிறைந்த தெருக்களைக் காணலாம். அங்கேயும் வீட்டுக்குக் கொரியப் பெயர், வெளியே ஜப்பானியப் பெயர் என இரண்டு பெயர்களோடு வாழ்பவர்கள் உண்டு. வெறுப்புப் பேச்சுக்கு எதிரான 2016 சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லாததால், கவாசாக்கி நகரம் 2019-இல் அபராதம் விதிக்கும் தன் சொந்த விதியை இயற்றியது.

கேள்வி: ஜப்பானிலும் சாதி உண்டா?
(வாசகர், தோ பாயோ)

பதில்: உண்டு. புராக்குமின் எனப்படுவோர் இனத்தாலும் மொழியாலும் சமயத்தாலும் மற்ற ஜப்பானியரே. தோல் பதனிடுதல், இறைச்சிக்கு விலங்குகளை அறுத்தல் போன்ற தொழில்களால் தீட்டுக்குரியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1871-இல் ஆணை ஒன்று அந்த இழிநிலையை ஒழித்தது. ஒழிந்ததா என்றால், 1975-இல் புராக்கு ஊர்களின் பெயர்ப் பட்டியல் நிறுவனங்களுக்கு இரகசியமாக விற்கப்பட்டது அம்பலமானது. வேலை கேட்டு வந்தவரின் பூர்விக ஊரைச் சரிபார்ப்பதற்காக அதை வாங்கினார்கள். "சொந்த ஊர் எது?" என்ற கேள்வி எப்போது நலம் விசாரிப்பு, எப்போது வேறு விசாரிப்பு என்று தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1922-இல் அவர்கள் கியோத்தோவில் தொடங்கிய சுய்ஹெய்ஷா இயக்கம், பிறர் இரக்கத்தை நம்பாமல் தம் விடுதலையைத் தாமே பெறுவோம் என்று அறிவித்தது. இப்போது 2016-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் உள்ளது. அதிலும் தண்டனை இல்லை.

கேள்வி: ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது என்கிறார்களே, ஐனு மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டா?
(வாசகர், அங் மோ கியோ)

பதில்: ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று வாதிட்டவர் பேராசிரியர் ஓனோ சுசுமு. அவருடைய உழைப்பு பெரிது, தமிழுலகம் அவரைக் கொண்டாடியதும் இயல்பு. மொழியியலாளரில் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. ஐனு மொழிக்கு எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படவில்லை.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ஹொக்கைடோ போகிறோம். ஐனு பண்பாட்டை எங்கே காணலாம்?
(வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: ஷிராவோய் ஊரில், போரொத்தோ ஏரிக்கரையில், 2020 ஜூலையில் திறக்கப்பட்ட உபோபோய் வளாகத்துக்குச் செல்லுங்கள். தேசிய ஐனு அரும்பொருளகம் அங்கேதான் உள்ளது. அறிவிப்புகளில் ஐனு மொழிக்கே முதலிடம். முக்குரி என்ற மூங்கில் வாய்க்கருவியைப் பிள்ளைகள் வாசித்துப் பார்க்கலாம். கருவியின் நாக்குப் போன்ற பகுதியை நூலால் சுண்டியிழுக்க வேண்டும், முதலில் ஒலியே வராது. எல்ம் மரப்பட்டையை நீரில் ஊறவைத்து, ஏடு ஏடாகப் பிரித்து, நூலாக்கி நெய்யும் அத்துஷ் துணியைத் தவறவிடாதீர்கள்.

வளாகத்தின் மையப் பகுதியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு நினைவிடம் உள்ளது. ஆராய்ச்சி என்ற பெயரில் பல்கலைக்கழகங்கள் ஐனு கல்லறைகளைத் தோண்டி எடுத்துச் சென்ற எலும்புகளில் 1,200-க்கும் மேற்பட்டோருடையவை அங்கே வைக்கப்பட்டுள்ளன. அவற்றை ஊருக்கே திருப்பித் தரவேண்டும் என்று ஐனு குழுக்கள் சில கோருகின்றன. 2016-இல் நீதிமன்றச் சமரசத்தின் மூலம் உரகாவா ஊருக்குச் சில திரும்பி மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. 2019 சட்டம் பண்பாட்டை ஆதரிக்கிறதே தவிர நிலத்தையோ மீன்பிடி உரிமையையோ தரவில்லை. ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமை கேட்டு உராஹொரோ ஊர் ஐனு குழு தொடுத்த வழக்கை 2024 ஏப்ரலில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நேரம் இருந்தால் நிபுதானிக்கும் செல்லுங்கள். கயானோ சேர்த்த வீட்டுப் பொருள்களும் கருவிகளும் அங்கேயுள்ள சிறிய அரும்பொருளகத்தில் உள்ளன. ஊர் வழியே ஓடும் சாரு ஆற்றின் அணைக்காகத் தம் நிலத்தை விற்க மறுத்து அவரும் கைசாவா கொய்ச்சியும் தொடர்ந்த வழக்கில், நிலத்தைக் கையகப்படுத்தியது சட்டவிரோதம் என்று 1997-இல் தீர்ப்பு வந்தது. அணை அதற்குள் கட்டி முடிந்துவிட்டதால் அது அப்படியே நிற்கிறது. பனிக்காலத்தில் அந்தச் சாலை வழுக்கும், வாகனத்தை நீங்களே ஓட்டுவதாக இருந்தால் பகலில் செல்லுங்கள். உபோபோய்க்குத் திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை, ஆண்டிறுதியிலும் மூடியிருக்கும். பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.